அரை மில்லிமீட்டரின் வரலாறு

கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறவரின் கையிலிருக்கும் சீட்டில் பெரும்பாலும் இரண்டு எண்களைக் காணலாம். வலக்கண் 16, இடக்கண் 17 என்பதுபோல. 'பிரஷர் நார்மல்' என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். நாமும் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்த எண்ணைக் கண்டறிய ஏறத்தாழ முன்னூறு ஆண்டுகள் ஆயின என்பதோ, கண்டறிந்த பிறகும் அது பலரை ஏமாற்றியது என்பதோ அப்போது நம் நினைவில் இருப்பதில்லை.

நம் வாசக வட்டத்தில் மூத்த நண்பர் ஒருவர் உண்டு. சிற்றிதழ்களைப் பழைய நாள் முதல் சேர்த்து வைத்திருப்பவர், அச்சுப்பிழை பொறுக்காதவர். சில ஆண்டுகளுக்கு முன்பு, இப்போதெல்லாம் வரிக்கு ஒரு சொல்லை விட்டுவிட்டு அச்சடிக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். சொற்கள் யாவும் அவற்றின் இடத்திலேயே இருந்தன. அவருடைய சீட்டுகளில் பல ஆண்டுகளாக 17, 18 என்ற எண்களே பதிவாகி வந்திருக்கின்றன. பிறகொரு மருத்துவர் கண்ணுக்குள் பார்வை நரம்பைப் பார்த்தார். அது குழிந்து போயிருந்தது. கருவிழியின் முன்புறத்துக் கண்ணாடிப் படலத்தின் தடிமனையும் அளந்தார்: 480 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நண்பருக்கு வந்திருந்தது கிளாகோமா. தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்கிறோம். அந்தப் பெயரிலேயே ஒரு பாதித் தவறு ஒளிந்திருக்கிறது என்பதை அவர் வழியாகத்தான் அறிந்தோம். இக்கட்டுரை அந்தப் பாதித் தவறின் வரலாறு.

*

'கிளாகோஸ்' என்பது பழைய கிரேக்கச் சொல். கடலின் நீலப்பச்சையையும் ஆலிவ் இலையின் சாம்பல் பூத்த நிறத்தையும் குறிப்பது. ஹிப்போகிராட்டஸின் பெயரால் வழங்கும் மருத்துவச் சூத்திரங்களில் முதியோரின் நோய்களுள் ஒன்றாகக் 'கிளாகோசிஸ்' சொல்லப்படுகிறது. ஆனால் அது இன்று நாம் சொல்லும் கிளாகோமா அன்று. கண்மணி நீலம் பாய்ந்து தெரியும் எந்தக் கோளாறுக்கும், கண்புரை உட்பட, அப்பெயர் பொருந்தியது. பெயர் நிறத்திலிருந்து வந்தது. அழுத்தம் யாருடைய எண்ணத்திலும் இல்லை.

1622 இல் ரிச்சர்ட் பேனிஸ்டர் என்ற ஆங்கிலேயக் கண் வைத்தியர் ஒரு நூல் வெளியிட்டார். குணப்படுத்த முடியாத ஒருவகைக் குருட்டில், இமையின் மேல் விரலால் தடவிப் பார்த்தால் கண் இயல்பைக் காட்டிலும் கெட்டியாக இருக்கும் என்று அதில் எழுதினார். அந்த ஆண்டில் கவிஞர் மில்ட்டன் பதின்மூன்று வயதுச் சிறுவன். முப்பது ஆண்டுகள் கழித்து, 1652 இல், அவர் முற்றிலும் பார்வையிழந்தார். காரணம் கிளாகோமாவா, விழித்திரை கழன்றதா என்ற விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை. யாரேனும் விரலால் அழுத்திப் பார்த்துக் குறித்து வைத்திருந்தால் விவாதத்துக்கு ஒரு துணைச் சான்றாவது கிடைத்திருக்கும். பேனிஸ்டரின் அவதானிப்பைப் பின்வந்தோர் கண்டுகொள்ளவில்லை. கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கென்ஸி 1830 இல் எழுதிய கண் மருத்துவப் பாடநூலில்தான் கண்ணின் கெட்டித்தன்மை இந்நோயின் அடையாளமாக உறுதியாக இடம்பிடித்தது.

1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண்ணோக்கிக் கருவியைப் பற்றிய நூலை வெளியிட்டார். உயிருள்ள மனிதக் கண்ணின் உட்புறம் முதன்முறையாகத் தெரிந்தது. தெரிந்த உடனேயே ஒரு பிழையும் நேர்ந்தது. கிளாகோமா நோயாளிகளின் பார்வை நரம்பு முனையைப் பார்த்து வரைந்த வியன்னாவின் எட்வார்ட் ஃபான் யேகரும், பெர்லினின் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபெயும் அது வீங்கிப் புடைத்திருப்பதாகவே நம்பினார்கள். ஒற்றைக் கண்ணால் பார்க்கும் கருவியில் ஆழம் தெரியாது; குழி மேடாகத் தோன்றிவிடும். ஓரிரு ஆண்டுகளில் கிரேஃபெ தம் பிழையைத் தாமே திருத்திக்கொண்டார். நரம்பு புடைக்கவில்லை, குழிந்திருக்கிறது. உள்ளிருந்து ஏதோ அதை அழுத்துகிறது என்றார். இந்த நோயின் வரலாற்றில் முதன்மையான ஒரு முடிவு, ஒருவர் தம் பிழையை ஒப்புக்கொண்டதால் பிறந்தது.

கிரேஃபெ 1857 இல் கருவிழித் திரையின் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் திடீர்க் கிளாகோமாவைத் தணிக்கும் அறுவையை அறிவித்தார். அறுபது ஆண்டுகள் கழித்து, 1917 இல், சூரிக் நகரில் 'யுலிசிஸ்' எழுதிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஜாய்ஸுக்குக் கிளாகோமா தாக்கியபோது செய்யப்பட்டதும் அதே அறுவைதான். இலக்கிய வாசகர்களாகிய நாம் ஒரு வகையில் கிரேஃபெக்குக் கடன்பட்டவர்கள். அவரோ காசநோயால் 42 வயதில் காலமானார்.

*

அழுத்தம்தான் பகைவன் என்றான பின் அதை எப்படி அளப்பது? சைக்கிள் டயரில் காற்றிருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்போமே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர்களும் அதைத்தான் செய்தார்கள். லண்டனில் வில்லியம் போமன் 1862 இல் இந்த விரல் பரிசோதனையை முறைப்படுத்தி, இயல்பு, சற்றுக் கெட்டி, மிகக் கெட்டி என்று படிநிலைகளைக் குறியீடுகளால் எழுதும் வழக்கத்தை வற்புறுத்தினார். ஆனால் ஒருவர் விரலுக்குக் கெட்டியாகத் தெரிவது மற்றவர் விரலுக்கு மெத்தென்று தெரியலாம். கிரேஃபெயும் நெதர்லாந்தின் டோண்டர்ஸும் கருவிகள் செய்து பார்த்தார்கள். விழித்திருக்கும் மனிதனின் கண்ணில் உலோகத்தை வைக்க முடியவில்லை என்பதே பெரும் தடை.

அந்தத் தடை 1884 இல் நீங்கியது. வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், கொக்கெயின் கரைசல் ஒரு சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும் என்று கண்டார். அந்தச் செய்தி ஹைடெல்பெர்க் மாநாட்டில் வாசிக்கப்பட்டபோது, பயணச் செலவுக்கு வழியில்லாமல் கோலர் ஊரிலேயே இருந்தார். வேறொருவர் அவருக்காக வாசித்தார். மறு ஆண்டே மாஸ்கோவில் அலெக்ஸி மக்லகோவ் எளிய கருவியொன்றைச் செய்தார். தட்டையான அடிப்பகுதி கொண்ட சிறு எடை. அடியில் சாயம் பூசி, மரத்த கண்ணின் மேல் ஒரு கணம் வைத்தெடுப்பார். கண் தொட்ட இடத்தில் சாயம் அழிந்திருக்கும். அதைக் காகிதத்தில் ஒற்றி, வட்டத்தின் விட்டத்தை அளப்பார். மென்மையான கண் பெரிய வட்டம் வரையும். கெட்டியான கண் சிறிய வட்டம் வரையும். சோவியத் நாட்டில் இருபதாம் நூற்றாண்டு நெடுகிலும் இம்முறை வழக்கிலிருந்தது.

மேற்கில் வெற்றிபெற்றது ஹியால்மர் ஷியோட்ஸின் கருவி. இன்றைய ஆஸ்லோவான கிறிஸ்டியானியாவில் 1905 இல் அவர் அதை வெளியிட்டார். படுத்திருப்பவரின் கண்மேல் வைத்தால் நடுவிலுள்ள சிறு ஊசித்தண்டு படலத்தை எவ்வளவு அமிழ்த்துகிறது என்பதை முள் காட்டும். மின்சாரம் வேண்டாம், கைப்பெட்டியில் அடங்கும். நம் நாட்டுக் கண் முகாம்களிலும் பல பத்தாண்டுகள் உழைத்த கருவி அது.

இந்த இடத்தில் சென்னையின் பெயரும் இவ்வரலாற்றில் வருகிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தொடக்கம் 1819. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909 இல் கிளாகோமாவுக்குப் புதிய அறுவையொன்றைத் தொடங்கினார். கருவிழியும் வெள்ளைவிழியும் கூடும் விளிம்பில் நுண்ணிய வட்டத் துளையிட்டு, உள்ளே தேங்கிய நீர் கசிந்து வெளியேற வழி செய்வது. சில ஆண்டுகளில் அது உலகெங்கும் 'எலியட் அறுவை' என்று பரவியது. 1968 இல் வந்த, இன்றும் நடக்கும் வடிகால் அறுவைக்கு அதுவே முன்னோடி. ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய எலியட் செப்படி வித்தைகளில் ஈடுபாடு கொண்டு, இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று வாதிட்டு ஒரு நூலும் எழுதினார். கண்ணை நம்பலாமா என்ற கேள்வி அவரை விடவில்லை போலும்.

*

ஷியோட்ஸின் கருவிக்கு ஒரு குறை இருந்தது. அமிழ்த்தும்போது கண்ணின் சுவரே விரிந்து கொடுக்கும். எவ்வளவு விரியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 1930களில் பால்டிமோரின் ஜோனஸ் ஃபிரீடன்வால்ட் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அமிழ்த்தாமல், மிகச் சிறிய இடத்தை மட்டும் தட்டையாக்கினால் இந்தக் குறை நீங்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மான் அதைச் செய்தார். அவரும் ஷ்மிட்டும் 1957 இல் வெளியிட்ட கட்டுரை கண் மருத்துவத்தின் செவ்வியல் நூல்களுள் வைக்கத்தக்கது.

கருத்து எளியது. ஒரு பந்தின் மேற்பரப்பைத் தட்டையாக்கத் தேவைப்படும் விசையைத் தட்டையான பரப்பால் வகுத்தால் உள்ளேயிருக்கும் அழுத்தம் கிடைக்கும். ஆனால் அந்தப் பந்து மிக மெல்லிய, வளைந்து கொடுக்கும், உலர்ந்த உறையால் ஆனதாக இருக்க வேண்டும். கார்னியா எனப்படும் அந்தப் படலமோ மெல்லியதும் அன்று, உலர்ந்ததும் அன்று. வளைய மறுத்துக் கருவியை எதிர்த்துத் தள்ளும். மேலே படிந்த கண்ணீர் கருவியைத் தன்னை நோக்கி இழுக்கும். 3.06 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்கினால் இந்தத் தள்ளுதலும் இழுத்தலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று கோல்ட்மான் கண்டார். அந்த அளவில் இன்னொரு வசதியும் கிடைத்தது: ஒரு கிராம் விசைக்குப் பத்து மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். பெருக்கினால் போதும்.

இந்த ஈடு சரியாக அமைய ஒரு நிபந்தனை உண்டு: படலத்தின் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டராக, 500 மைக்ரானாக, இருக்க வேண்டும். தடிமன் மாறினால் அளவும் பிசகலாம் என்பதைக் கோல்ட்மானும் ஷ்மிட்டும் தம் கட்டுரையிலேயே குறித்திருந்தார்கள். நோயில்லாத கண்களில் தடிமன் அவ்வளவாக மாறாது என்று அன்று கருதப்பட்டதால் அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவி உலகெங்கும் போயிற்று. நிபந்தனை கட்டுரைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அடுத்த ஆண்டு, 1958 இல், ஜெர்மனியின் லெய்டெக்கர் நோயற்ற பத்தாயிரம் பேரின் கண் அழுத்தத்தை ஷியோட்ஸ் கருவியால் அளந்து வெளியிட்டார். சராசரி 16 ஐ ஒட்டியிருந்தது. அதிலிருந்து வழக்கமான புள்ளியியல் கணக்குப்படி மேல் எல்லை வகுத்தால் 21 வந்தது. புள்ளியியலில் அந்த எண்ணின் பொருள், பெரும்பாலான மக்கள் இதற்குள் அடங்குவர் என்பது மட்டுமே. மருத்துவமனைகளில் அது வேலியாக மாறியது. 21க்கு மேல் நோயாளி, கீழே நலமுள்ளவர்.

அந்த வேலியை முதலில் அசைத்தவர்கள் ஃபிரெட் ஹாலோஸும் பீட்டர் கிரஹாமும். தெற்கு வேல்ஸின் ரோண்டா பள்ளத்தாக்கில் ஃபெர்ன்டேல் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், நாற்பது வயதைக் கடந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்து 1966 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அழுத்தம் 21க்கு மேல் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் நரம்புக்கு ஒரு தீங்கும் இல்லை. மறுபுறம், பார்வைப் புலம் தேய்ந்தவர்களில் சிலரின் அழுத்தம் வேலிக்குள்ளேயே இருந்தது. இந்த ஹாலோஸ்தான் பின்னாளில் ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் கண் நலத்துக்காக உழைத்துப் புகழ்பெற்றவர்.

*

கோல்ட்மானின் நிபந்தனையைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரைச் சேர்ந்த நீல்ஸ் ஏலர்ஸ். அவரும் தோழர்களும் 1975 இல், அறுவைக்குக் காத்திருந்த 29 கண்களில் நுண்ணிய குழாய் செலுத்தி, உள்ளழுத்தத்தைத் தாங்களே ஒரு நிலையில் நிறுத்திவைத்து, வெளியே கோல்ட்மான் கருவியால் அளந்து ஒப்பிட்டார்கள். கண்ணின் உண்மையான அழுத்தத்தோடு கருவி காட்டும் அழுத்தத்தை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் துணிச்சலான சோதனை. படலம் 520 மைக்ரானாக இருந்தபோது மட்டுமே இரண்டும் ஒத்துப்போயின. தடித்த படலத்தில் கருவி கூட்டிச் சொன்னது. மெல்லிய படலத்தில் குறைத்துச் சொன்னது. 100 மைக்ரான் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் பிசகு. பின்வந்த ஆய்வுகள் பிசகு இவ்வளவு பெரிதல்ல என்றன; ஆனால் திசையில் மாற்றமில்லை.

மீண்டும் டயருக்கே வருவோம். புதிய தடித்த டயரைக் கட்டைவிரலால் அமுக்கினால் காற்று குறைவாக இருந்தாலும் கெட்டியாகத் தோன்றும். தேய்ந்த டயர் காற்று நிறைந்திருந்தாலும் அமுங்கும். டயரின் தடிமனை அறியாமல் காற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. சைக்கிள் கடைக்காரர் அறிந்த இந்த உண்மை மருத்துவ உலகில் இருபது ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது. தடிமன் அளப்பது கடினம் என்பதும் ஒரு காரணம். ஒளியால் அளக்கும் முறை இருந்தும் அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. 1980களில் புற ஒலி அலையால் நொடியில் அளக்கும் பேனா போன்ற கருவி வந்தது. 1990களில், கண்ணாடி அணிவதைத் தவிர்க்கக் கார்னியாவை லேசரால் சீவும் சிகிச்சை பரவியது. சீவப்பட்ட கண்களில் அழுத்தம் குறைந்து காட்டியது. உள்ளே ஒன்றும் மாறவில்லை, டயர்தான் தேய்ந்திருந்தது. அப்போதுதான் பலரும் ஏலர்ஸைத் தேடிப் படித்தார்கள்.

தீர்ப்புப் போன்ற விடை 2002 இல் வந்தது. அமெரிக்காவில் 1994 முதல் நடந்த பெரும் ஆய்வு அது. அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாத 1,636 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள்; மறு கூறைக் கவனித்து மட்டும் வந்தார்கள். ஐந்தாண்டுகளில் கிளாகோமா வந்தவர்கள் மருந்தில்லாதோரில் 9.5 விழுக்காடு, மருந்து பெற்றோரில் 4.4 விழுக்காடு. அழுத்தத்தைக் குறைப்பது பயன் தரும் என்பது உறுதியாயிற்று. எதிர்பாராத செய்தி வேறொன்று. படலத்தின் தடிமனை அளக்கும் எண்ணம் ஆய்வு தொடங்கியபோது இல்லை, நடுவழியில்தான் சேர்த்தார்கள். அந்தத் தடிமன் நோய் வருமா என்பதை முன்னறிவிக்கும் வலுவான குறிகளுள் ஒன்றாக நின்றது. மருந்தில்லாதோரில், அழுத்தம் 25.75க்கு மேல் இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். படலம் 555 மைக்ரானோ அதற்குக் குறைவோ ஆனவர்களில் 36 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. 588க்கு மேல் இருந்தவர்களில் 6 விழுக்காட்டினருக்கே வந்தது. சீட்டில் ஒரே எண், விளைவில் ஆறு மடங்கு வேறுபாடு.

ஆய்வில் சேர்ந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் படலம் 600 மைக்ரானைத் தாண்டியிருந்தது. அவர்களில் பலருக்கு அழுத்தம் கருவி சொன்ன அளவுக்கு இருந்திருக்கவே வாய்ப்பில்லை. தடித்த படலத்தின் பேரால் எத்தனை பேர் ஆயுள் முழுவதும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார்களோ! அதே ஆய்வில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் படலம் சராசரியாக 556 மைக்ரான், மற்றவர்களுக்கு 579. அவர்களிடம் நோய் மிகுதி என்பது நெடுங்காலம் 'இனத்தின் இயல்பு' என்று சொல்லப்பட்டு வந்தது. தடிமனையும் நரம்புக் குழியின் அளவையும் கணக்கில் சேர்த்தபோது, இனம் என்ற காரணம் தன் தனி வலிமையை இழந்தது.

2004 இல் லியான் ஹெர்ன்டனும் உடன் பணியாற்றியோரும் இன்னோர் உண்மையைச் சேர்த்தார்கள். முதன்முறை சிறப்பு மருத்துவரிடம் வரும்போதே நோய் முற்றியிருந்தவர்களிடம் படலம் மெல்லியதாக இருக்கும் போக்கு தெரிந்தது. கருவி குறைத்துச் சொன்னதால் அவர்கள் காலந்தாழ்ந்து வந்தார்களா, மெல்லிய படலமே வலுக்குறைந்த நரம்பு முனையின் அடையாளமா என்ற கேள்வி எழுந்தது. அப்படியானால் தடிமனுக்கேற்ப அழுத்தத்தைத் திருத்தி எழுதிக்கொண்டால் போதுமே என்று பல சூத்திரங்கள் வந்தன. 2012 இல் அதே அமெரிக்க ஆய்வின் தரவுகளைக் கொண்டு சோதித்தபோது, திருத்திய எண் நோயை முன்னறிவதில் மேம்பட்டதாக இல்லை. தடிமன் கருவியின் பிசகை மட்டும் சொல்லவில்லை என்று கருதுவதற்கு இது இடமளிக்கிறது. அளவெடுக்கும் திசுவே நோயின் கதையிலும் பங்கேற்கிறது போலும்.

*

நம் பக்கம் திரும்பினால் இது வெறும் அறிவுச் சுவாரசியம் அன்று. சென்னை கிளாகோமா ஆய்வு, நகரிலும் சிற்றூர்களிலும் நாற்பது கடந்தோரின் படலத்தை அளந்தபோது சராசரி 510 மைக்ரானை ஒட்டியிருந்தது. நகரத்தாரைவிடச் சிற்றூராருக்கு இன்னும் சற்று மெல்லியது. அமெரிக்க ஆய்வில் 'மெல்லியது' என்று எல்லை கட்டிய 555, நம்மிடையே தடித்த படலம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டங்களில் 5,150 பேரிடம் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 விழுக்காட்டினருக்குக் கிளாகோமா இருந்தது. அவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தமக்கு இந்நோய் இருப்பதை அதுவரை அறியாதவர்கள்.

கிளாகோமா வலியின்றி ஓரங்களைத் தின்றுகொண்டு வரும். இழந்த இடத்தை மூளை தானே நிரப்பிவிடும். இருட்டு தெரியாது, இல்லாமை மட்டுமே இருக்கும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம். ஆகவே ஒற்றை எண்ணை நம்புவது ஆபத்து. நோயின் கடுமையைச் சொல்வது நரம்பின் குழியும் பார்வைப் புலமும். அழுத்தம் நம்மால் குறைக்கக்கூடிய ஒரே காரணம் என்பதால் முக்கியம். தடிமன் அந்த அழுத்தத்தை எந்த அளவுக்கு நம்பலாம், ஒருவரை எவ்வளவு நெருக்கமாகக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. நாற்பதைக் கடந்தவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால், 'பிரஷர் நார்மல்' என்பதோடு எழுந்து வராமல் 'நரம்பைப் பார்த்தீர்களா, தடிமன் எவ்வளவு' என்று கேட்கலாம். தடிமனை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் பெரும்பாலோருக்குப் பல ஆண்டுகளுக்குப் போதும்.

நம் நண்பர் இப்போது இரவு பத்து மணிக்குத் தவறாமல் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படிக்கிறார். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, புதிதாக வாங்கிய நாவலின் 112ஆம் பக்கத்தில் ஒரு சொல் விடுபட்டிருப்பதாகச் சொன்னார். எடுத்துப் பார்த்தோம். இம்முறை உண்மையாகவே அச்சுப்பிழைதான்.